டயர் மண்ணில் ஒரு குழி

சிதம்பரத்தில் உங்களுக்கு நடந்த பயிற்சியின் கடைசி நாளில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அனுபவசாலி, நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்திருப்பார்கள். சொன்னேன். விளையாட்டுத்தான் சின்னப் பிள்ளைகளின் படிப்பு என்றேன். பொறுமை வேண்டும் என்றேன். கை தட்டினீர்கள். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், காபி கொடுத்து அனுப்பினார்கள்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். எங்க சென்டர்ல ஒரு புள்ள சாவு வெளாட்டு வெளாடுது. பொம்மைய படுக்க வெச்சி, மால போட்டு, அழுவுது. மத்த புள்ளைங்களும் சேந்துக்குதுங்க. நிறுத்தணுமா, வுட்டுடணுமா?"

அவள் குரலில் பயம் இருந்தது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். "வுடும்மா, வெளாடட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அது போதாத பதில். முழுப் பதில் இங்கே இருக்கிறது. கேட்க இனிமையாக இருக்காது. சால்வை போர்த்திக்கொண்டு பேசக்கூடிய விஷயமும் இல்லை.

நான் நீண்ட காலம் வேலை பார்த்த மையம், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போக வேண்டிய ஓர் ஊரில் இருந்தது. ஊரின் பெயர் வேண்டாம். அந்த மனிதர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் தினமும் கடலூரிலிருந்து போய் வந்தேன். ஒரே ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் கொஞ்சம் இடம், இடுப்பளவு சுற்றுச்சுவர். முற்றத்தில், யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன டிராக்டர் டயர் ஒன்று கிடந்தது. அதற்குள் மணலைக் கொட்டி வைத்திருந்தோம். துறை கொடுத்த எழுத்துக் கட்டைகள், வண்ணப் படங்கள், பொம்மைகள் எல்லாம் உள்ளே இருந்தும் பிள்ளைகள் ஓடியது அந்த டயருக்குத்தான்.

இரண்டு வயதுப் பையன் அதில் உட்கார்ந்து ஒரு காலை முழுக்கச் பெரிய டப்பாவில் மண்ணை அள்ளிச் சின்ன டப்பாவில் கொட்டிக்கொண்டிருப்பான். பார்க்கிறவர்களுக்கு அது வெட்டி வேலை. பெரியதில் இருப்பது சின்னதற்குள் அடங்காமல் வழிகிறதே, ஏன் என்று அவன் அங்கே யோசித்துக்கொண்டிருப்பது நமக்கு மட்டும்தான் தெரியும். தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளை மறுநாள் பொம்மையை அமுக்கிப் பிடித்து ஊசி போடும். வெள்ளம் வந்து முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் பாயைப் படகாக்கி, மண்ணை உருட்டிச் சாப்பாட்டுப் பொட்டலம் என்று வீசின. நமக்குப் புரியாத ஒன்று நடந்தால் நாலு பேரிடம் பேசி ஆற்றிக்கொள்கிறோம். பிள்ளைக்கு அந்த அளவு பேச்சு இல்லை. அது கையால் செய்து பார்க்கும். மறுபடி செய்யும். போதும் என்று அதற்கே தோன்றும் வரை செய்யும்.

யாழினிக்கு அப்போது நாலு வயது. கவின் அவளைவிடக் கொஞ்சம் சின்னவன். பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒன்றாக வருவார்கள், ஒன்றாகச் சாப்பிடுவார்கள். முட்டை போடும் நாளில் கவின் மஞ்சள் கருவைச் சாப்பிட மாட்டான். யாழினி அதை எடுத்துக்கொண்டு தன் வெள்ளைக் கருவை அவனுக்குக் கொடுப்பாள். யாழினியின் அப்பா வேலு கம்பி கட்டும் வேலை செய்பவர். கவினின் அப்பா வெளிநாட்டில். அம்மா செல்வி, மாமியாரோடு இங்கே இருந்தாள்.

மையத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் தெருவுக்கான தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி வெட்டினார்கள். ஆழமான குழி. சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி மாதிரி வைத்திருந்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் வேலை நின்றது, குழியில் தண்ணீர் நின்றது. அந்த வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டரிடம்தான் வேலுவும் வேலை செய்தார்.

ஒரு சனிக்கிழமை மையத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது பார்த்தேன். ஜல்லி லாரி உள்ளே வருவதற்காக முள்ளை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். லாரி போய்விட்டது. முள் போட்ட இடத்திலேயே கிடந்தது. காண்ட்ராக்டர் அங்கேதான் போன் பேசிக்கொண்டு நின்றார். "புள்ளைங்க நடமாடுற எடம். இப்பவே வேலிய எடுத்து வெக்கச் சொல்லுங்க" என்றேன். "சாயந்திரத்துக்குள்ள கட்டிடறேன் டீச்சர், நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்றார். எனக்கு அது போதவில்லை. பஸ்ஸில் ஏறியதும் சூப்பர்வைசர் மேடத்துக்கும் போன் செய்து சொன்னேன். காண்ட்ராக்டரிடம் பேசுவதாக மேடம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மையத்தில் என்னோடு வேலை செய்த உதவியாளர் அஞ்சலை போன் செய்தாள். "டீச்சர், நம்ம கவினு..." என்றாள். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

மழை விட்டிருந்த நேரத்தில் செல்வி துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து யாழினி மட்டும் நனைந்த கவுனோடு வீட்டுக்கு வந்து, கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. கவினைத் தேடிப் போய்க் குழித் தண்ணீரில் கண்டெடுத்தபோது நேரம் கடந்துவிட்டது.

தெருவே ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்த அந்த மாலைப் பொழுதில், குழியைச் சுற்றி வேலி வந்துவிட்டது. திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்தபோது புதிதாக வெட்டிப் போட்ட முள்ளில் வெட்டு வாய்கூடக் காயவில்லை. காண்ட்ராக்டர் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்: "வேலி எப்பவும் இருந்துது. புள்ளைங்க பூந்து போயிருக்குதுங்க. பெத்தவங்க பாத்துக்க வேணாமா?"

அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் சனிக்கிழமை மாலையும் ஞாயிறு காலையும் அந்தக் குழியைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். எல்லோருக்கும் கண் இருந்தது. ஒருவரும் பேசவில்லை. ஒருவருக்கு வீடு கட்டும் வேலையில் அவர் தயவு வேண்டும், ஒருவருக்குப் பையனின் வேலைக்குச் சிபாரிசு வேண்டும், இன்னொருவருக்கு வம்பே வேண்டாம்.

யாழினி மையத்துக்குத் திரும்பி வந்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது. கையைக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். நேராக டயருக்குப் போனாள். கொட்டாங்குச்சியால் மண்ணைத் தோண்டிக் குழி எடுத்தாள். அஞ்சலையின் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி வந்து குழியைச் சுற்றி நட்டாள். பிறகு என்னிடம் வந்து காலி டம்ளரை நீட்டினாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குழியில் ஊற்றினாள்.

பெரிய பொம்மை ஒன்றை எடுத்தாள். முதல் தடவையாக அவள் வாயிலிருந்து சத்தம் வந்தது. "லாரி வருது, லாரி வருது. அப்பா, முள்ள எடு. முள்ள எடு." பொம்மையின் கையால் ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். ஒரு செங்கல் துண்டு லாரியாக வந்து போனது. அதற்குப் பிறகு ஒரு சின்ன மரக்கட்டையை எடுத்து, குழியின் ஓரமாக நடத்திக் கொண்டுவந்து, தண்ணீருக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

அஞ்சலை என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், ஆவாது. நிறுத்துங்க. இது கெட்ட வெளாட்டு."

"வுடு அஞ்சலை."

"அப்பன காட்டிக் குடுக்குது டீச்சர் இது. யார்னா பாத்தா என்னா ஆவும்?"

வேலியை இழுத்துப் போட்டது யார் என்று எனக்கு அதுவரை தெரியாது. காண்ட்ராக்டர் சொல்லித்தான் வேலு செய்திருப்பார். ஆனால் அவர் சொன்னார் என்று யார் சாட்சி சொல்வார்கள்? வேலு எடுத்தார் என்று மட்டும் ஊர் சொல்லும்.

ஆனாலும் நான் அவளை நிறுத்தவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. டயரின் மறுபக்கம் உட்கார்ந்து சும்மா மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டால் கொடுத்தேன்.

மறுநாளும் விளையாடினாள். அதற்கு அடுத்த நாளும். ஆனால் ஒரே மாதிரி இல்லை, அதைக் கவனியுங்கள். ஒரு நாள் அப்பா பொம்மை முள்ளை எடுத்தது. ஒரு நாள் முள்ளை மாடு தின்றுவிட்டது. ஒரு நாள் அவளே கயிறு விட்டுக் கட்டையை மேலே தூக்கினாள். இன்னொரு நாள் கட்டை தானாகவே ஏறி வந்து, "முட்ட வேணும்" என்று கேட்டது. அவள் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்து, "மஞ்ச எனக்கு" என்றாள். அன்றிலிருந்துதான் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் திரும்பியது. சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலையிடம் வாய் திறந்து ரசம் கேட்டாள். அஞ்சலை சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நடந்ததை அப்படியே காட்டும் கேமரா இல்லை பிள்ளை விளையாட்டு. அதில் நடந்தது இருக்கும், நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது இருக்கும், எங்கேயோ கேட்டது இருக்கும். எது எது என்று பிரித்தெடுக்க நமக்குத் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. பிரித்துக் காட்டு என்று கேட்ட அந்த நிமிஷமே அது விளையாடுவதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஊரில் எதுவும் மறைவாக இருக்காது. யாழினி மண்ணில் குழி தோண்டி விளையாடுகிறாள் என்ற பேச்சு செல்வியின் காதுக்குப் போய்விட்டது. ஒரு காலை, பிள்ளைகள் எல்லாம் முற்றத்தில் இருந்த நேரம், நிமிர்ந்து பார்க்கிறேன், சுற்றுச்சுவருக்கு வெளியே செல்வி நிற்கிறாள். தலை வாரவில்லை. கையில் செல்போன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். யாழினி அப்போதுதான் ஈர்க்குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் அவளுக்கும் டயருக்கும் நடுவில் நின்றேன்.

"நவுருங்க டீச்சர்."

"வேணாம் செல்வி. போன உள்ள வை."

"எம் புள்ள எப்படி போச்சுன்னு அது ஒண்ணுக்குத்தான் தெரியும். அது காட்டுது. நீங்க மறைக்கிறீங்க. நவுருங்க."

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவள். அவள் கேட்டதில் என்ன தப்பு? அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இருந்தும் நான் நகரவில்லை. அந்த வீடியோ அன்று சாயந்திரத்துக்குள் எத்தனை போன்களுக்குப் போகும், அதில் 'அப்பா' என்ற சொல்லைக் கேட்டு ஊர் என்ன செய்யும், நாலு வயதுப் பிள்ளை ஆயுசு முழுக்க எதைச் சுமக்கும் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

"அது காட்டல செல்வி, வெளாடுது. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. முந்தாநேத்து அவ வெளாட்டுல கவினு தானே ஏறி வந்துட்டான்."

செல்வியின் கை தாழ்ந்தது. "ஏறி வந்துட்டானா?"

"ம்."

"வந்து என்னா பண்ணான்?"

"முட்ட கேட்டான்."

சுவரைப் பிடித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப யாருதான் சொல்லுவா டீச்சர்?"

"நான் சொல்றேன். சனிக்கெழம வேலி இல்ல, நான் பாத்தேன், அவருகிட்ட நேர்ல சொன்னேன். அத சொல்றேன்."

"நீங்க ஒண்டியா சொன்னா எடுபடுமா?"

எழுந்து அவளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டேன்.

மறுநாள் வேலு யாழினியை விட வந்தபோது ஓரமாகக் கூப்பிட்டேன். "வேலு, முள்ள எடுக்கச் சொன்னது அவருதான்னு நீயே போயி சொல்லிடு. நான் அவருகிட்ட பேசுனத நானும் சொல்லப்போறேன். ரெண்டு பேரு சொன்னா கேப்பாங்க."

"நான் எந்த முள்ளையும் எடுக்கல டீச்சர்" என்றார் முதலில். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவரு தப்பிச்சிக்குவாரு டீச்சர். எம்மேல கையக் காட்டுவாரு. என்ன உள்ள வெச்சாங்கன்னா எவன் வந்து எடுப்பான்? ரெண்டு பொண்ணு கெடக்குது வூட்ல. கவினு எம் புள்ள மாதிரிதான். எனக்குத் தூக்கம் கெடயாது டீச்சர். ஆனா என்னால ஆவாது."

அவர் சொன்னது பொய் இல்லை. அப்படித்தான் நடந்திருக்கும். அதனால் அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. "சரி. உன் இஷ்டம். பொண்ண மட்டும் இதுல இழுக்காத. அவ வெளாடட்டும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கூடவே எங்கள் சூப்பர்வைசர் மேடம். வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல டீச்சர். பொண்ண எப்பவும் போல வெளாட வுடுங்க. சார் ஓரமா நின்னு பாத்துக்குவாரு. அஞ்சு நிமிஷம்" என்றார்கள்.

"முடியாது மேடம்."

"என்னா முடியாது? வெளாட்டு வழியா புள்ளைங்க மனச தெரிஞ்சிக்கலாம்னு நாமதான ட்ரெயினிங்ல சொல்றோம்?"

"புள்ளைக்கு உதவி பண்ணத்தான் மேடம் தெரிஞ்சிக்கச் சொல்றாங்க. கேஸுக்கு இல்ல."

அதிகாரியிடம் நானே போனேன். "சார், என்ன கேளுங்க. நான் பெரியவ. கண்ணால பாத்தது இருக்கு" என்றேன். சொன்னேன். சனிக்கிழமை வேலி இல்லாததை, காண்ட்ராக்டர் எனக்குச் சொன்ன பதிலை, பஸ்ஸிலிருந்து மேடத்துக்குப் போன் செய்ததை. போன் செய்ததைச் சொன்னபோது மேடம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதிகாரி எழுதிக்கொண்டார். பேனாவை மூடும்போது, "அரசாங்கத்துல இருக்கீங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார். "யோசிச்சுத்தான் சார்" என்றேன்.

அவர் அன்று சாயந்திரம் நேராக வேலுவின் வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டில் இருந்த அஞ்சலை எல்லாவற்றையும் பார்த்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், காண்ட்ராக்டரும் இருந்தார். யாழினியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்று, மையத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாளாம்: "நானும் கவினும் வெளாடிக்குனு இருந்தோம். நாய் தொரத்துச்சு. நாங்க ஓடனோம். கவின் வேலிக்குள்ள பூந்து வுழுந்துட்டான்."

அந்தத் தெரு நாய்களுக்கெல்லாம் தினமும் தன் தட்டிலிருந்து சோறு போடுகிறவள் அவள். நாயைக் கண்டு அவள் ஓடி நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை.

மறுநாள் அந்த அதிகாரி ஜீப்பை மையத்தின் வாசலில் நிறுத்தினார். நல்ல மனிதராகத்தான் சிரித்தார். "பொண்ணு அழகா, தெளிவா சொல்லிட்டா டீச்சர். இந்த வயசுல இவ்ளோ கோர்வையா பேசுதுன்னா நீங்க நல்லா பழக்கியிருக்கீங்க" என்றார்.

ஒப்பித்ததை நம்பினார்கள். எதிர்பாராத விபத்து என்று முடிந்தது. பிள்ளையைக் கவனிக்காமல் விட்டது தாய் என்று ஊர் முடித்துக்கொண்டது. மாமியார் வீட்டில் செல்வியால் இருக்க முடியவில்லை, சிதம்பரம் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பல மாதம் கழித்து அவளைக் கடலூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். என் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கு நவுந்திருந்தா என்னா டீச்சர்?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். என்னிடம் பதில் இருந்தது. அவளிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை.

எங்கள் வேலையில் வட்டாரம் விட்டு வட்டாரம் மாற்றுவது அரிது. என்னை மங்கலம்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். நிர்வாகக் காரணம் என்றார்கள். விடியும் முன் கிளம்பி, விருத்தாசலத்தில் பஸ் மாறி, என் கடைசி வருஷங்கள் அப்படித்தான் போயின. எனக்குப் பின்னால் வந்தவரிடம் முதல் வேலையாக அந்த டயரை அகற்றச் சொன்னார்கள். மண் சுகாதாரக் கேடு என்று காரணம். தண்ணீர்த் தொட்டி கட்டி முடிந்தது. வேலு அதே காண்ட்ராக்டரிடம்தான் இருக்கிறார். யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒப்பித்தல் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள் என்று அஞ்சலை போனில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். பிள்ளை எதை விளையாடினாலும் அதன் பக்கத்தில் உட்காருங்கள். சாவு விளையாட்டு என்றாலும் உட்காருங்கள். அடிபட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்காதீர்கள், போன் எடுக்காதீர்கள், பார்க்க ஆள் கூப்பிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு யாரோ கெடுதல் செய்துகொண்டிருக்கிறார்கள், அது இன்னும் நடக்கிறது என்று விளையாட்டில் தெரிந்தால் கதை வேறு. அப்போது அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத் தெரிந்தவர்களிடம் அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் பெரியவர்கள் கண்ணால் பார்த்ததைப் பெரியவர்கள்தான் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லாமல் விட்டதைப் பிள்ளையின் வாயில் வைக்க வருவார்கள். சட்டை மடிப்புக் கலையாமல், மரியாதையாக, அஞ்சு நிமிஷம் என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். இப்படி நின்றால் ஜெயிப்பீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் ஜெயிக்கவில்லை.

அந்த மையத்தில் என் கடைசி நாள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவில்லை. யாழினி டயர் பக்கம் போகவில்லை. அறைக்குள் மூலையில் பெரிய பொம்மையைச் சுவரில் சாய்த்து நிற்க வைத்துக்கொண்டிருந்தாள். அதன் கைகளைக் கட்ட முயன்றாள். பொம்மையின் கை மடங்கவில்லை.

"சொல்லு. நாய் தொரத்துச்சு. சொல்லு" என்றாள். வேலுவின் குரல், அதே இழுப்பு. பொம்மை பேசவில்லை. கன்னத்தில் ஓர் அடி வைத்தாள். "சொல்லு. சொன்னாத்தான் பிஸ்கட்."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தாள். பொம்மையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நீ நில்லு டீச்சர்" என்றாள். எழுந்து சுவரோரமாக நின்றேன். கையைக் கட்டச் சொன்னாள். கட்டிக்கொண்டேன்.

"முள்ள யாரு எடுத்தா?"

"எனக்குத் தெரியாது. நான் சின்னப் புள்ள" என்றேன்.

அவள் பதறிப்போய் எம்பி, சேலையைப் பிடித்து என்னைக் கீழே இழுத்து, வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். "அப்படி சொல்லக்கூடாது. நாய்னு சொல்லணும். இல்லன்னா அப்பாவ புடிச்சிக்குனு போயிடுவாங்க."

அந்தச் சின்னக் கை என் உதட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அது கீழே இறங்கும் வரை காத்திருந்தேன்.

"நாய் தொரத்துச்சு" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். என் தலையை இரண்டு தடவை தடவிக் கொடுத்தாள்.

"நல்ல புள்ள. போயி வெளாடு."